ஓடுபாதைக்குப் பின்னால் ஒரு எட்டு!

மலேசியாவின் ஏர்ஏசியா இந்தியாவுக்குப் பறக்க முடிவெடுத்தபோது முதலில் எந்த ஊரில் வந்து இறங்கியது தெரியுமா? மும்பை இல்லை, டெல்லி இல்லை, சென்னைகூட இல்லை. திருச்சி! 2008 டிசம்பர் 1ஆம் தேதி கோலாலம்பூரிலிருந்து கிளம்பிய விமானம், பெருநகரங்களை எல்லாம் விட்டுவிட்டு, புதுக்கோட்டை ரோட்டில் இருக்கிற நம் ஏர்போர்ட்டைத் தேடி வந்தது. மலிவு டிக்கெட்டால் தென்கிழக்கு ஆசியாவையே கலக்கிக்கொண்டிருந்த கம்பெனி, இவ்வளவு பெரிய தேசத்தில் முதல் புள்ளியாக மலைக்கோட்டை ஊரைத் தேர்ந்தெடுத்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றும்.

திருச்சியின் வருகைப் பலகையைச் சற்று நேரம் நின்று பாருங்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய், ஷார்ஜா, மறுபடி சிங்கப்பூர், மறுபடி கோலாலம்பூர். இடையிடையே சென்னையும் பெங்களூரும் ஹைதராபாத்தும் தலைகாட்டும். உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகள் அதிகமாகப் புழங்குகிற ஏர்போர்ட் இது. இந்திய ஏர்போர்ட்டுகளில் இது மிக அபூர்வம். பக்கத்திலேயே கோவையைப் பாருங்கள்: பணம் புரளும் தொழில் நகரம், ஆனால் அங்கே பெருங்கூட்டம் உள்நாட்டு விமானங்களுக்குத்தான். மதுரையும் அப்படியே. திருச்சிக்கு மட்டும் எப்படி இந்தக் கடல் கடந்த யோகம்?

இன்னொன்றும் கண்ணில் படும். ஏர்ஏசியா உண்டு, பாத்திக் ஏர் உண்டு, ஸ்கூட் உண்டு, ஸ்ரீலங்கன் உண்டு, வியட்நாமின் வியட்ஜெட்கூட 2023 நவம்பரில் ஹோ சி மின் நகரத்திலிருந்து வந்து இறங்கியது. ஆனால் எமிரேட்ஸ் இல்லை. எத்திஹாட் இல்லை. கத்தார் இல்லை. வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிற மாவட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஏர்போர்ட்டில், வளைகுடாக் கொடி போட்ட விமானம் ஒன்றுகூட இறங்குவதில்லை!

இந்த இரண்டு புதிருக்கும் விடை ஓடுபாதையில் இல்லை. இருபது வருஷத்துக்கும் முந்தைய ஒரு காகிதத்தில் இருக்கிறது. வாருங்கள், திரையை விலக்கிப் பார்த்துவிடலாம்.

முதலில் அடிப்படை. ஒரு நாட்டு விமான கம்பெனி இன்னொரு நாட்டில் நினைத்தபடி இறங்கிவிட முடியாது. 1944இல் சிகாகோவில் நாடுகள் கூடி உருவாக்கிய உடன்படிக்கை, ஒவ்வொரு நாட்டின் வானமும் அந்தந்த நாட்டுக்கே சொந்தம் என்று அடித்துச் சொல்லிவிட்டது. அதனால் இரண்டு இரண்டு நாடுகளாக உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. துறைக்காரர்கள் அதைச் சுருக்கமாக ‘பைலேட்டரல்’ என்பார்கள். வாரத்துக்கு எத்தனை இருக்கை, எந்தெந்த ஊர் என்று அதில் வரி வரியாக எழுதியிருக்கும். வெளிநாட்டு விமானம் இறங்க அனுமதி பெற்ற ஊருக்கு ‘பாயின்ட் ஆஃப் கால்’ என்று பெயர். அந்தப் பட்டியலில் உங்கள் ஊர் இல்லையென்றால், நீங்கள் தங்கத்தால் ஓடுபாதை போட்டாலும் அந்த நாட்டு விமானம் வராது.

இப்போது கதையின் உச்சத்துக்கு வருகிறேன். 2003 அக்டோபர், இந்தோனேசியாவின் பாலித் தீவு. இந்தியா–ஆசியான் மாநாட்டுக்குப் போன பிரதமர் வாஜ்பாய் ஒரு சலுகையை அறிவிக்கிறார். ஆசியான் நாடுகளின் விமான கம்பெனிகள் நம் நான்கு பெருநகரங்களுக்குத் தினமும் பறக்கலாம். அதோடு சுற்றுலா முக்கியத்துவம் உள்ள 18 ஊர்களுக்கு எத்தனை விமானம் வேண்டுமானாலும் விடலாம், கணக்கே கிடையாது! அந்தப் பதினெட்டில் கயா இருக்கிறது, வாரணாசி இருக்கிறது, கஜுராஹோ இருக்கிறது, கொச்சி, திருவனந்தபுரம், கோழிக்கோடு எல்லாம் இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து ஒரே ஒரு ஊர். திருச்சிராப்பள்ளி!

கோவை இல்லை. மதுரை இல்லை. மீனாட்சியம்மன் கோயிலைத் தேடி உலகமே வருகிற மதுரை இல்லாத சுற்றுலாப் பட்டியலில் திருச்சி இருக்கிறது! ஸ்ரீரங்கமும் தஞ்சைப் பெரிய கோயிலும் பக்கத்தில் இருப்பதால் அந்த இடத்துக்குத் தகுதியான ஊர்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஒற்றை வரி அடுத்த இருபது வருஷத்துக்கு மத்தியத் தமிழ்நாட்டின் பயணத்தையே மாற்றி எழுதப் போகிறது என்று அப்போது எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்? சென்னைக்கு இருக்கைக் கணக்கு உண்டு, திருச்சிக்குக் கிடையாது. திறந்த கதவைப் பார்த்தால் நுழையாமல் இருப்பார்களா? ஏர்ஏசியா வந்தது. சிங்கப்பூரின் டைகர் ஏர்வேஸ் வந்தது. அது 2017இல் ஸ்கூட்டோடு கலந்து இன்றைக்கு மஞ்சள் நிறத்தில் வருகிறது. மலேசியாவிலிருந்து மலிண்டோ வந்தது. பெயரை மாற்றிக்கொண்டு இன்றைக்கு பாத்திக் ஏர் ஆகிவிட்டது. இலங்கைக்கும் இதே பதினெட்டு ஊர்களும் திறந்துவிடப்பட்டதால் கொழும்பு விமானமும் தடையில்லாமல் வந்துபோகிறது.

கதவு திறந்திருந்தால் போதுமா? உள்ளே ஆள் இருக்க வேண்டுமே. பதினெட்டு ஊரில் கஜுராஹோவும்தான் இருக்கிறது. அங்கே கோலாலம்பூர் விமானம் தினமும் போகவில்லை. திருச்சிக்கு ஆள் சேர்த்து வைத்தது சரித்திரம். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்கப் போன நகரத்தார் காரைக்குடிப் பக்கம். கப்பலேறிய வணிகக் குடும்பங்கள் நாகூர், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கம். ரப்பர்த் தோட்டத்துக்கு ஆள் ஆளாக ஏற்றிப்போன துறைமுகம் நாகப்பட்டினம். அங்கிருந்து ரஜூலா கப்பலில் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று ஏ320 விமானத்தில் ஜன்னலோரம் கேட்டு உட்காருகிறார்கள். ரஜூலாவுக்குப் பின்னால் ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு நாகப்பட்டினம் வழியான அந்தக் கடல் பயணம் முடிந்தது. கப்பல் நின்றாலும் உறவு நிற்குமா? கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கிரகப்பிரவேசம் என்று போக்குவரத்து தொடர்ந்தது. புதிதாக வேலைக்குப் போகிறவர்களும் சேர்ந்தார்கள். இவர்கள் எல்லாரும் முன்பு சென்னைக்குப் போய், மீனம்பாக்கத்தில் கால் கடுக்க நின்று, அங்கிருந்து பறக்க வேண்டியிருந்தது. வீட்டு வாசலிலேயே விமானம் வந்து நின்றால் விடுவார்களா?

கம்பெனிகளின் ரூட் முடிவு செய்யும் அறைக்குள் இப்போது எட்டிப் பார்ப்போம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அங்கே முதலில் போடுகிற கணக்கு ரொம்ப எளிமையானது, ரொம்பப் பயங்கரமானதும்கூட. 180 இருக்கை உள்ள விமானம் தினமும் ஒரு தடவை வந்துபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போக 180, வர 180, நாளுக்கு 360. வருஷத்துக்கு 1,31,400 இருக்கை! நூற்றுக்கு எண்பது நிரம்பினால் போதும் என்று வைத்தாலும் ஒரு லட்சத்துக்கு மேல் ஆள் வேண்டும். ஒரே ஒரு தினசரி விமானத்துக்கு இவ்வளவு. ‘எங்கள் ஊருக்கு லண்டன் ஃப்ளைட் விடு’ என்று கேட்பது சுலபம். அந்த லட்சம் பேர் எங்கே, எந்த மாதம் போவார்கள், எந்த மாதம் திரும்புவார்கள், எவ்வளவு கொடுப்பார்கள் என்பதுதான் அந்த அறையில் கேட்கப்படும் கேள்வி.

எந்த மாதம் என்பதில்தான் சுவாரசியமே இருக்கிறது. திருச்சிக்கு வரும் கூட்டம் இரண்டு பக்கமும் சமமாக ஓடுவதில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம் சிங்கப்பூரிலிருந்து வரும் விமானம் பிதுங்கி வழியும்; அதே விமானம் திரும்பிப் போகும்போது வரிசை வரிசையாகக் காலி. பொங்கலுக்கும் அப்படியே. பண்டிகை முடிந்ததும் தலைகீழ். டிசம்பர் பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டு விடுமுறை, தை முகூர்த்தம், ஆவணி முகூர்த்தம் என்று சிங்கப்பூர்க் காலண்டரும் நம் பஞ்சாங்கமும் ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும். கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு டிக்கெட் விலை ஏற்றி இறக்கும் ஒருவருக்கு, இந்த வருஷம் தைப்பூசம் எந்தத் தேதி என்பது முக்கியமான தொழில் தகவல்! காலி இருக்கையோடு திரும்பும் செலவையும் சேர்த்துத்தான் நெரிசல் பக்கத்து டிக்கெட்டில் விலை வைக்கிறார்கள். பண்டிகைக் கால விலை வயிற்றெரிச்சலைத் தருவது உண்மைதான். அதற்குள் ஒரு காலி விமானமும் பறக்கிறது என்பதும் உண்மை.

நேரமும் ஒரு ரகசியம். சிங்கப்பூர் விமானங்களில் பல ஏன் ராத்திரியில் வந்து நடுநிசியில் கிளம்புகின்றன? பயணியைத் தூங்கவிடக் கூடாது என்பதற்காக இல்லை. தரையில் நிற்கும் விமானம் காசு பண்ணாது. பகலெல்லாம் பக்கத்து ஊர்களுக்கு ஓடிக் களைத்த விமானத்தை ராத்திரியில் நிறுத்தி வைக்காமல் நான்கு மணி நேரத் தூரத்துக்கு ஓட்டினால், விடிவதற்குள் ஊர் திரும்பி மறுநாள் வேலைக்கு ஆஜர். திருச்சி அந்தத் தூரத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. சிங்கப்பூரும் கோலாலம்பூரும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி இருப்பதும் உதவுகிறது. நாம் நள்ளிரவில் கொட்டாவி விட்டபடி இமிக்ரேஷன் வரிசையில் நிற்கும்போது, அந்தக் கம்பெனியின் கணக்குப் பிள்ளை சந்தோஷமாக இருக்கிறார்.

விமானத்தின் வயிற்றுக்குள்ளும் பார்த்தே ஆக வேண்டும். திருச்சியிலிருந்து கிளம்பும் பயணி விமானங்களின் அடிவயிற்றில் பெட்டி படுக்கை மட்டும் போவதில்லை. காய்கறி, பழம், கீரை, பூ! சுற்று வட்டார வயல்களில் பறித்தது பெட்டியில் அடைபட்டு, சுங்கம் முடித்து, ராத்திரி விமானத்தின் வயிற்றில் ஏறுகிறது. காலையில் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒருவர் பேரம் பேசும் முருங்கைக்காய் நேற்றைக்கு காவிரிப் பக்கம் மரத்தில் தொங்கியதாக இருக்கலாம். இந்தச் சரக்குக் கூலி சின்ன வருமானம் இல்லை. இருக்கை நாலு காலியாகப் போகிற மாதத்தில் ஒரு ரூட்டைக் காப்பாற்றுவது சில சமயம் மல்லிகைப்பூதான்! விமானத்தில் போகும் பூவுக்கு நேரம் முக்கியம். தினசரி விமானம் இருந்தால்தான் வியாபாரி நம்பி வாங்குவார். தினசரி விமானம் நிலைக்க வேண்டுமென்றால் சரக்கும் வேண்டும். இரண்டும் கைகோத்துத்தான் நடக்கும்.

இரண்டாவது கம்பெனி அதே ரூட்டில் இறங்கினால் என்ன ஆகும்? திருச்சி–சிங்கப்பூரில் ஸ்கூட், இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் மூன்றும் மோதுகின்றன. இதில் துறைக்காரர்கள் மட்டும் பேசிக்கொள்ளும் ஒரு விதி இருக்கிறது. டவுன் பஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தடத்தில் ஒரு முதலாளிக்கு ஆறு பஸ், இன்னொருவருக்கு இரண்டு என்றால், ஆறு பஸ்காரருக்கு முக்கால் பங்குதானே கூட்டம் வர வேண்டும்? அதற்கு மேலேயே வரும். ‘அவர் வண்டி எப்போதும் இருக்கும்’ என்ற நம்பிக்கையில் ஜனம் அங்கேயே போய் நிற்கும். விமானத்திலும் இதுதான் நடக்கிறது. வாரத்துக்கு அதிக முறை பறப்பவருக்கு, அவருடைய பங்கைவிடப் பெரிய பங்கு கூட்டம் சேர்கிறது. அதனால் போட்டியாளர் ஒரு விமானம் கூட்டினால் இவரும் கூட்டுவார், அவருடைய நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வைப்பார். கொஞ்ச காலம் இரண்டு பேருக்கும் நஷ்டம், நமக்குக் கொண்டாட்டம். முதலில் மூச்சு வாங்குகிறவர் பின்வாங்குவார். டிக்கெட் விலை மறுநாளே ஏறும். மலிவு டிக்கெட் கிடைக்கும் மாதங்களில் வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். அந்தச் சண்டை நிரந்தரம் இல்லை.

உள்நாட்டுப் பக்கம் கதை வேறு. இங்கே வில்லன் எரிபொருள் வரி. ஒரு இந்திய விமான கம்பெனியின் செலவில் எரிபொருள் மட்டுமே மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும். தமிழ்நாட்டில் அதன் மீதான மதிப்புக் கூட்டு வரி நெடுங்காலமாக 29 சதவீதம். நாட்டிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று. ஆனால் வெளிநாட்டுக்குப் பறக்கும் விமானத்துக்கு நிரப்பும் எரிபொருள் ஏற்றுமதிக் கணக்கில் போய்விடும், அந்த வரி இல்லை. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகும் விமானம் வரி இல்லாமல் டேங்கை நிரப்பிக்கொள்கிறது; திருச்சியிலிருந்து மும்பை போகும் விமானம் முழு வரியையும் கட்டுகிறது. திருச்சிக்குக் கடல் தாண்டிய கூட்டம் ஏன் பெருத்தது, உள்நாட்டுக் கூட்டம் ஏன் மெலிந்தது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த வரியைக் குறைத்தால் மாநிலத்துக்கு விமானம் கூடும், அதனால் வருமானமும் கூடும் என்றே நான் நம்புகிறேன்.

சென்னை–திருச்சிக்கு ஏன் பெரும்பாலும் அந்த விசிறி வைத்த சின்ன விமானம் வருகிறது என்று யோசித்ததுண்டா? ஏ.டி.ஆர். 72. இண்டிகோவின் ஏ.டி.ஆரில் 78 இருக்கை. அதென்ன 78, இன்னும் இரண்டு போட்டு எண்பதாக்கினால் என்ன? ஆக்க மாட்டார்கள்! இந்திய விமான நிலைய ஆணையத்தின் ஏர்போர்ட்டுகளில் 80 இருக்கைக்குக் குறைவான உள்நாட்டு விமானத்துக்குத் தரையிறங்கும் கட்டணமே கிடையாது. எடை குறைந்த விமானங்களுக்கு எரிபொருள் வரியிலும் பெரிய சலுகை உண்டு. ஒரு சட்ட விதி விமானத்தின் உள்ளே இருக்கை எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது பாருங்கள்! இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த விசிறி விமானத்தைப் பார்க்கும்போதெல்லாம் கடைசி வரிசையை எண்ணத் தோன்றுகிறது.

சென்னை ரூட்டுக்கு இன்னொரு எதிரி தண்டவாளத்தில் ஓடுகிறது. 2023 செப்டம்பர் 24 முதல் ஓடும் சென்னை–நெல்லை வந்தே பாரத், எழும்பூரில் ஏறியவரை ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் திருச்சி ஜங்ஷனில் இறக்கிவிடுகிறது. ஏர்போர்ட் போக ஒரு மணி நேரம், அங்கே காத்திருக்க ஒன்றரை மணி நேரம், பறக்க ஒரு மணி நேரம் என்று கூட்டிப் பாருங்கள், மிச்சமாவது கொஞ்ச நேரம்தான். சென்னைக்காரர் ரயிலில் போவார். அப்படியானால் அந்த விமானத்தில் யார்? சென்னையில் இறங்கி வேறு விமானம் ஏறுகிறவர்கள்தான் பெரும் பலம். டெல்லியோ கல்கத்தாவோ ஐரோப்பாவோ போகிறவர். பெங்களூர், ஹைதராபாத் விமானங்களும் பாதி அப்படித்தான்; அந்த ஊருக்குப் போவதைவிட அந்த ஊர் வழியாகப் போவதற்கு. ஜெட் ஏர்வேஸும் கிங்ஃபிஷரும் ஒரு காலத்தில் திருச்சி வானத்தில் இருந்தவை. 2012இல் கிங்ஃபிஷரும் 2019இல் ஜெட்டுமாக அந்தக் கம்பெனிகளே முடங்கின. 2018இல் இண்டிகோ திருச்சிக்கு வந்த பிறகுதான் உள்நாட்டு வரைபடம் மறுபடி விரிந்தது.

சின்ன விமானம் என்றதும் என் மனசு யாழ்ப்பாணத்துக்குத் தாவுகிறது. பலாலி ஓடுபாதையின் நீளத்துக்கு ஏ.டி.ஆர். வகைதான் இறங்க முடியும். 2025 மார்ச் 30ஆம் தேதி இண்டிகோ திருச்சி–யாழ்ப்பாணம் தொடங்கியது. கடலைத் தாண்டினால் பக்கத்து ஊர். ஆனால் அதுவரை திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போக வேண்டுமானால் சென்னையோ கொழும்போ சுற்ற வேண்டும். ஒரே மொழி பேசும் இரண்டு ஊரைச் சேர்த்த அந்தக் காலையை நான் பெரிய நாளாகவே நினைக்கிறேன். அது ஏன் மார்ச் 30? உலகம் முழுக்க விமான அட்டவணைக்கு இரண்டே பருவம். கோடைப் பருவம் மார்ச் கடைசி ஞாயிறு தொடங்கும், குளிர்காலப் பருவம் அக்டோபர் கடைசி ஞாயிறு தொடங்கும். 2025இல் அந்த மார்ச் ஞாயிறு 30ஆம் தேதி!

இனி எமிரேட்ஸ் புதிர். அந்தப் பதினெட்டு ஊர்ப் பட்டியல் ஆசியானுக்கும் தெற்காசிய அண்டை நாடுகளுக்கும் கொடுக்கப்பட்டது, வளைகுடாவுக்கு இல்லை. துபாயோடு தனி ஒப்பந்தம், அபுதாபியோடு தனி, ஷார்ஜாவோடு தனி. எமிரேட்ஸ் ஒன்பது இந்திய ஊர்களுக்குப் பறக்கிறது. தமிழ்நாட்டில் சென்னை மட்டும். ஷார்ஜாவின் ஏர் அரேபியா கோவைக்கு வருகிறது, ஏனென்றால் ஷார்ஜா ஒப்பந்தத்தில் கோவை இருக்கிறது. எதிலும் திருச்சி இல்லை. நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போதெல்லாம் அரசு சொல்லும் பதில் ஒன்றுதான்: பெருநகரம் அல்லாத ஊர்களை வெளிநாட்டு கம்பெனிகளுக்குப் புதிதாகத் திறப்பதில்லை, இந்திய கம்பெனிகள் வளரட்டும்.

இதற்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். துபாய் கம்பெனி திருச்சியில் ஏற்றும் பயணியைத் துபாயோடு இறக்கிவிடாது. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் கொண்டுபோகும். அந்தத் தூரப் பயணத்தின் காசெல்லாம் அவர்களுக்குப் போய்விட்டால், இந்திய கம்பெனி எப்போது நீண்ட தூரம் பறக்கக் கற்றுக்கொள்ளும்? சரிதான். ஆனால் திருச்சியில் வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் நியூயார்க் போகிறவர்கள் இல்லையே! துபாயில் கம்பி கட்டுகிறவர், குவைத்தில் வண்டி ஓட்டுகிறவர், ஷார்ஜாவில் கடையில் நிற்கிறவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வரும் சபுராளிக்கு (கடல் கடந்து பிழைக்கப் போனவருக்கு) டிக்கெட் விலை என்பது வீட்டுக்கு அனுப்பும் காசிலிருந்து கழிவது. திருச்சியின் வளைகுடா ரூட்டுகளில் வெகுகாலம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ்தான் முக்கியமான துணை. 2024 ஆகஸ்டில் இண்டிகோ அபுதாபிக்குத் தொடங்கியபோது நான் கைதட்டினேன். ஆனாலும் கிழக்குப் பக்கம் கிடைக்கும் போட்டி மேற்குப் பக்கம் கிடைக்க வேண்டும். வாரத்துக்கு இத்தனை இருக்கை என்று அளவு வைத்தாவது வளைகுடாவுக்குத் திருச்சியைத் திறக்க வேண்டும். கிழக்கே கதவைத் திறந்ததால் நாடு ஒன்றும் நொடித்துப் போய்விடவில்லை. ஒரு ஏர்போர்ட்டே வளர்ந்து நிற்கிறது.

அந்த வளர்ச்சியைப் பார்க்க வேண்டுமானால் புதிய முனையத்துக்குள் நுழையுங்கள். 2024 ஜனவரி 2ஆம் தேதி பிரதமர் திறந்துவைத்து, ஜூன் 11 முதல் பயன்பாட்டுக்கு வந்தது. 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, 75,000 சதுர மீட்டர் பரப்பு. நெரிசல் நேரத்தில் மணிக்கு 3,500 பேரையும் வருஷத்துக்கு 44 லட்சம் பேரையும் தாங்கும். கோலம், கோயில் வண்ணம், திருவிழா ஓவியம் என்று சுவரெல்லாம் நம் ஊர் வாசனை. பழைய முனையத்தில் இரண்டு விமானம் ஒன்றாக வந்து இறங்கினால் பெட்டி எடுக்கும் இடம் ஜல்லிக்கட்டு வாடிவாசலாகிவிடும். ஸ்லாட் (விமானம் இறங்கிக் கிளம்பும் நேரம்) கேட்கிற கம்பெனிக்கு ‘அந்த நேரம் வேண்டாம், வேறு நேரம் பாருங்கள்’ என்று சொல்ல வேண்டிய நிலை. இப்போது நிறுத்துமிடமும் கூடியிருக்கிறது, கேட்ட நேரத்தில் இடம் கொடுக்க முடிகிறது. ரூட் பேச வருகிற கம்பெனிக்கு இதைவிடப் பெரிய அழைப்பிதழ் வேண்டாம்.

மிச்சமிருக்கும் முடிச்சு ஓடுபாதை. 2,480 மீட்டர், அதாவது 8,136 அடி. ஏ320க்கும் போயிங் 737க்கும் தாராளம். ஆனால் இரண்டு நடைபாதை வைத்த பெரிய விமானம் நிறையப் பயணியையும் நிறைய எரிபொருளையும் சுமந்துகொண்டு சித்திரை வெயிலில் கிளம்ப வேண்டுமானால் இது போதாது. வெயில் ஏற ஏற காற்று லேசாகும், இறக்கைக்குத் தூக்கும் பலம் குறையும், ஓட வேண்டிய தூரம் நீளும். ஆளைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் சரக்கைக் குறைக்க வேண்டும். ஓடுபாதையை 12,500 அடியாக நீட்டும் திட்டமும் அதற்கான நில எடுப்பும் பல வருஷமாகப் பேச்சில் இருக்கின்றன. அது நடந்துவிட்டால் ரூட் முடிவு செய்யும் அறையில் திருச்சிக்கு எதிரே இதுவரை எழுதாத ஊர்களின் பெயரை எழுதிப் பார்ப்பார்கள்.

கம்பெனிகள் ஸ்லாட் கேட்டு எழுதுவது பருவம் தொடங்குவதற்குப் பல மாதம் முன்னாலேயே நடந்துவிடும். நாம் தீபாவளிப் பலகாரம் சுட்டுக்கொண்டிருக்கும்போது அடுத்த சித்திரைக்கு யார் எங்கே பறப்பது என்ற வேலை பாதிக்கு மேல் முடிந்திருக்கும். ஆகவே மார்ச் கடைசி ஞாயிறையும் அக்டோபர் கடைசி ஞாயிறையும் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் காலையில் திருச்சியின் வருகைப் பலகையில் ஒரு புது ஊர்ப் பெயர் முளைத்திருக்கிறதா என்று நான் முதல் ஆளாகப் பார்ப்பேன், நீங்களும் பாருங்கள்!